கிணற்றுக்கு வந்த எல்லைக்கோடு

இரண்டு எமிரேட்டுகளுக்கு நடுவே போகும் எல்லைக்கோடு, கார்மேகம் வேலை பார்த்த பேரீச்சந்தோட்டத்துக் கிணற்றுக்கு வாரம் இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வரும். பெரும்பாலும் காலை ஒன்பது மணி வாக்கில் வரும். நோன்பு மாதத்தில் மட்டும் பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொன்ன பிறகுதான் வாயை வைக்கும். அகலம் ஒரு சாண் இருக்கும். அது கிடக்கிற இடத்தில் மண் ஒரு மாற்று குறைந்து தெரியும், அவ்வளவுதான். எந்த எமிரேட்டுகள் என்று இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால் இரண்டு பக்கத்தாரும் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். மசாஃபிக்குப் பக்கத்து மலைகள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அங்கிருப்பவர்கள் ஒன்றை மலைப் பக்கம் என்றும் இன்னொன்றைக் கடல் பக்கம் என்றும் சொல்லிக்கொண்டார்கள். கோடு நகர்ந்தால் கூடவே சில சில்லறை விஷயங்களும் மாறும். வளைந்திருந்த விளக்குக் கம்பத்தின் தலை நிமிர்ந்துகொள்ளும், குப்பைத்தொட்டி நிறம் மாறும், பாங்கு ஒரு நிமிஷம் முந்தும். ருவைஸ் எண்ணெய் ஆலையில் ஐந்து வருஷம் குழாய்களுக்கு நடுவே காண்ட்ராக்ட் வேலை பார்த்துவிட்டு 2009இல் இந்தத் தோட்டத்துக்கு வந்த கார்மேகம், முதல் வாரத்திலேயே இதற்கெல்லாம் பழகிப்போனார்.

பழகியதில் ஆச்சரியமும் இல்லை. அவர் பிறந்தபோது அவருடைய ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும்போது மாவட்டத்துக்கு வேறொரு நீளமான பெயர் வந்து, பையன்கள் அதைச் சிலேட்டில் ஒரே வரியில் எழுத முடியாமல் திண்டாடினார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது அதே ஊர் சிவகங்கை மாவட்டம் ஆகியிருந்தது. ஊர் ஓர் அங்குலம் அசையவில்லை, மாவட்டம்தான் எழுந்து நடந்து போனது. "எங்க ஊர்ல காகிதத்துல நடந்துச்சு. இங்க மண்ணுல நடக்குது" என்று மெயின் ரோட்டில் பக்காலா என்கிற மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை நெய்னா முகம்மதுவிடம் அவர் சொன்னது அந்த வட்டாரத்தில் ரொம்ப நாள் பேசப்பட்டது.

கோடு ஏன் நடக்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஐம்பதுகளில் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் ஜீப்பில் மலை மலையாக ஏறி, பார்த்த ஆட்டுக்காரனையெல்லாம் நிறுத்தி மூன்று கேள்வி கேட்டார். நீ யாருடைய ஆள்? உன் வழக்கை யாரிடம் கொண்டு போவாய்? ஜக்காத்து வரியை யாருக்குக் கொடுக்கிறாய்? வந்த பதிலை அப்படியே படமாக வரைந்தார். அதனால்தான் அங்குள்ள எமிரேட்டுகள் தையல்காரன் கடையில் விழுந்த வெட்டுத்துணி மாதிரி இருக்கின்றன; ஒன்றின் துண்டு இன்னொன்றின் நடுவில் கிடக்கும், பக்கத்து நாட்டின் துண்டு ஒன்றும் அங்கே உண்டு, அந்தத் துண்டுக்குள்ளே மறுபடியும் இந்த நாட்டின் துண்டு. எழுபத்தொன்றில் ஆறு பேர் சேர்ந்து ஒரே நாடாகி, அடுத்த வருஷம் ஏழாவதும் வந்து சேர்ந்துகொண்டபோது, சிறிது சிறிதாகக் கோடுகள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. இந்த ஒரு கோடு மட்டும் உட்காரவில்லை. ஆபீசர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த அன்று ஊரே பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் பழம் அறுக்கப் போயிருந்ததாம். இரண்டு நாள் காத்திருந்து பார்த்தவர், பென்சிலால் புள்ளி புள்ளியாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். கேட்க ஆள் கிடைக்காத கோடு அன்றிலிருந்து அலைகிறது. போன ஊர்க்காரர்களும் அங்கேயே தங்கிவிட, பள்ளத்தாக்கில் மிஞ்சியது உபைத் என்பவரின் தோட்டமும் கிணறும்தான். உபைத்தும் டவுனில் வீடு கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை மட்டும் வந்து போவார்.

கார்மேகத்தை உபைத்துக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம் தண்ணீர். கார்மேகத்தின் அப்பா ஊர்க் கண்மாயில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறந்து யார் வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று முறை வைத்து விடுவது அந்த வேலை. சொந்தமாகக் காணி நிலம் இல்லாதவனைத்தான் அதற்கு வைப்பார்கள். நிலம் இருந்தால் கை தன் வயலுக்குத் திரும்பிவிடும் என்பது கணக்கு. நீர்ப்பாய்ச்சி முறையைச் சத்தமாகக் கூவிவிட்டுத் தன் மண்வெட்டியை வாய்க்காலுக்குக் குறுக்கே படுக்க வைத்துவிட்டால், அவன் அதை எடுக்கிற வரையில் ஊர்ப் பெரியதனக்காரரே ஆனாலும் தாண்டக்கூடாது. கார்மேகமும் சின்ன வயதில் அந்த வேலை பார்த்தவர்தான். உபைத்தின் நானூறு மரங்களும் அவர் கையில் மதமதவென்று காய்த்தன.

2020இல் உபைத் காலமானார். உயிலில் அவர் எழுதியது இரண்டே வரி: தோட்டத்தில் மலைப் பக்கம் இருப்பது மூத்த தாரத்து மகன் அம்மாருக்கு, கடல் பக்கம் இருப்பது இளைய தாரத்து மகன் ஹமதுக்கு. கோடு நடக்கிற விஷயம் தெரிந்தும் ஏன் இப்படி எழுதினார் என்று கேட்டால், கிழவருக்குக் குறும்பு ஜாஸ்தி என்பார் நெய்னா. கிணறும் கார்மேகத்தின் அறையும் கோடு போய்வரும் பாதையில் இருந்தன. ஆகவே கார்மேகத்தின் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, திங்கட்கிழமை அம்மார், வியாழக்கிழமை ஹமத். இருவருமே தங்கமானவர்கள். சம்பளத்திலோ சாப்பாட்டிலோ ஒரு குறை வைத்ததில்லை. ஊருக்குப் போகக் கையெழுத்துக் கேட்டால் இருவருமே உடனே பேனாவை எடுத்தார்கள். ஆனால் அம்மார் கையெழுத்துப் போட்ட காகிதம் ஆபீசுக்குப் போய்ச் சேருவதற்குள் அறை கடல் பக்கம் போயிருக்கும். "இந்த ஆள் இன்று நம்மிடம் இல்லையே" என்று சொல்லி, டீ கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைப்பார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, கோடு அறையைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் கார்மேகத்தின் அடையாள அட்டையில் எமிரேட்டின் பெயர் மாறி, காலாவதித் தேதியும் தானாகவே ஒரு வருஷம் தள்ளிப்போனது. 2024இல் அது 2391 என்று காட்டியது. அந்த நாட்டிலேயே அவரைப்போலச் சட்டப்படி இருந்த ஆள் வேறு கிடையாது. போகத்தான் வழியில்லை.

ஒருமுறை நெய்னாவின் யோசனைப்படி அண்ணன் தம்பி இருவரையும் கோட்டின் இரு புறமும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரே காகிதத்தில் ஒரே சமயத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இருவரும் பிஸ்மில்லா சொல்லிப் பேனாவை வைத்தார்கள். கோடு ஒரு முழம் நகர்ந்து இரண்டு நாற்காலிகளையும் ஒரே பக்கம் ஆக்கிவிட்டது. "இது வேணுமுண்டே செய்யுது மாப்ள" என்று சொல்லிவிட்டு நெய்னா கடைக்குத் திரும்பினார்.

இதையெல்லாம் ஒரு தமாஷாகவே கார்மேகம் ஓட்டியிருப்பார், ஊரில் மனைவி நாகவள்ளிக்குக் கண் மங்காமல் இருந்திருந்தால். சர்க்கரையினால் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, 2024 ஆவணியில் ஆள் நிழலாகத்தான் தெரிந்தது. மதுரை டாக்டர், தைக்குள் ஆப்பரேஷன் செய்தாக வேண்டும், புரை முற்றி இறுகிவிட்டால் பார்வைக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். நாகவள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. போனில் கார்மேகம் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார்.

"கட்டுப் பிரிக்கையில நீங்க முன்னால நிக்கணும். அஞ்சு வருசமா போன்லயே பார்த்துப் பார்த்துத்தான் கண்ணே போச்சு. நீங்க வரலையா, இந்த மங்கலே எனக்குப் போதும்."

"கிறுக்கா உனக்கு? கண்ணு விசயத்துலயா வீம்பு?"

"ஆமா, வீம்புதான். எனக்குன்னு வேற என்ன இருக்கு?" என்று போனை வைத்துவிட்டாள்.

கட்டிய நாளிலிருந்து அவள் சொன்ன சொல்லை மாற்றிக் கார்மேகம் பார்த்ததில்லை. காலையில் ஈரத் துணியை உதறும்போதும், மரம் ஏறும்போதும், தை மாதம்தான் கண்ணில் நின்றது. கிணற்றில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்து ஒருநாள், ஊரில் மாட்டைத் திட்டுகிற எல்லா வசவையும் வைத்துத் திட்டினார். அது குடித்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

ஐப்பசியில் சர்வே ஆட்கள் வந்தார்கள். கருவியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தவன் மதுசூதனன், யாழ்ப்பாணத்துக்காரன். நாலு நாள் அளந்தான். காலையில் அளந்த கோடு மத்தியானம் வேறு இடத்தில் கிடந்தது. ஐந்தாம் நாள், பழைய கோப்பிலிருந்து படம் பிடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து கார்மேகத்தின் அறை வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டினான். அந்தக் காலத்து ஆபீசரின் கையெழுத்து: இங்கே யாரும் இல்லை, இருப்பவரைப் பிறகு கேட்க வேண்டும்.

"விளங்குதோ அண்ணை? இதுக்கு இன்னும் மறுமொழி கிடைக்கேல்லை. அதுதான் இருக்க ஏலாமல் திரியுது. இஞ்ச இருக்கிற ஆள் ஆரெண்டு பாத்தன். நீங்கள்தான். வேற ஒருத்தரும் இல்லை. ஆரின்ர ஆள் எண்டு நீங்கள் சொன்னா அது இருந்திடும்."

"தம்பி, நான் வேலைக்கு வந்தவன். எனக்கு இங்க ஒரு பிடி மண்ணு கிடையாது."

"நிலம் இருக்கோ எண்டு அதில கேக்கேல்லை அண்ணை. இருக்கிறவரைக் கேக்கச் சொல்லித்தான் கிடக்கு."

செய்தி பரவ நேரமாகவில்லை. மறுநாளே அம்மார் முழு ஆட்டை வைத்துச் சமைத்த மந்திச் சோறும், ஹமத் ஒரு கூடை மீனும் கொண்டுவந்தார்கள். என் ஆள் என்று சொல் என இருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அம்மார் தன் பக்கத்து இருநூறு மரத்தையும் ஒருதரம் சுற்றி வந்து பெருமூச்சு விட்டார். ஹமதும் தன் இருநூறைச் சுற்றினார். கிணறு ஒன்றுதான். அது யாருக்குப் போகிறதோ அவருடைய மரம் பிழைக்கும், மற்றவருடையது இரண்டு கோடையில் விறகு. கார்மேகம் பதில் சொல்லாமல் இரண்டு வாரம் கடத்தினார். உப்பிட்டவரில் ஒருவருக்குத் துரோகம் செய்துவிட்டு ஊருக்குப் போய் நிற்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. போகாமல் இருந்தால் நாகவள்ளிக்கு இருட்டு. மந்திச் சோறும் மீனும் நெய்னா வீட்டுக்குப் போயின.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வாய்க்காலில் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது அடுத்த வீட்டுக் கருப்பாயி. நாகவள்ளி கஞ்சி வடிக்கும்போது பானை விளிம்பு தெரியாமல் கையில் ஊற்றிக்கொண்டாளாம். ஒன்றும் பயமில்லை, மருந்து போட்டாயிற்று, உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்னாள், நான்தான் சொல்கிறேன் என்றாள் கருப்பாயி. கார்மேகம் மண்வெட்டியை வைத்துவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். வேறு யாராக இருந்தாலும் மண்வெட்டியை மரத்தில் சாய்த்திருப்பார்கள், கீழே போட்டிருப்பார்கள். இவர் பிறந்து வளர்ந்த வழக்கத்தில், கை தானாகவே அதை வாய்க்காலுக்குக் குறுக்கே படுக்க வைத்துவிட்டது. மண்வெட்டியைப் படுக்க வைக்கும் முன் முறையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர் மறந்துபோனார். ஒன்பது மணிக்குத் தண்ணீர் குடிக்க வந்த எல்லைக்கோடு, மண்வெட்டிக் காம்பு வரை வந்து நின்றது. தாண்டவில்லை.

அன்று முழுக்க நின்றது. திங்கட்கிழமையும் நின்றது. விளக்குக் கம்பங்கள் பாதி வளைவும் பாதி நிமிர்வுமாக அப்படியே இருந்தன. கோடு கார்மேகத்தின் அறையை ஊடறுத்துக் கிடந்ததால் கட்டில் மலைப் பக்கமும் அடுப்பு கடல் பக்கமும் ஆயின. கிணறு முழுசாக மலைப் பக்கம், அதாவது அம்மாருக்கு. செவ்வாய்க்கிழமை மதுசூதனன் கருவியை வைத்து மூன்று தடவை அளந்து, மூன்று தடவையும் ஒரே எண் வந்ததைப் பார்த்துத் துள்ளினான். "அண்ணை, நிண்டிட்டுது! ஆரும் அந்த மண்வெட்டியில கை வையாதேங்கோ. பின்னேரம் கல்லு நட்டிட்டா முடிஞ்சுது!"

முடிந்ததுதான். கல் நட்டால் அம்மாரின் கையெழுத்து செல்லும், ஒரு வாரத்தில் கார்மேகம் விமானம் ஏறலாம். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, மண்வெட்டி கிடந்தபடி கிடந்தால் போதும். மாறாக அதை எடுத்தால், கோடு மறுபடியும் நடக்க ஆரம்பித்து, தை கடந்து, மாசி கடந்து, அட்டையில் போட்ட 2391 வரைக்கும் அவர் இங்கேயே இருக்க நேரலாம். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. ஹமத் தன் பக்கத்து முதல் மரத்தின் அடியில் போய் நின்று, அதன் பட்டையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அம்மாரும் தம்பியைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெய்னா கார்மேகத்தின் காதோடு சொன்னார்: "பேசாம இரு மாப்ள. தங்கச்சி கண்ண நெனச்சுக்க."

"அதத்தான் மாமா நெனைக்கிறேன். முறை சொல்லாம மம்பட்டிய வச்சது என் தப்பு. இப்படியே போனா அவ கண்ணத் தொறந்து என்னயப் பார்க்கிறப்ப நான் எங்கிட்டுப் பார்ப்பேன்?"

கார்மேகம் போய் வாய்க்கால் கரையில் நின்றார். அவருடைய அப்பா கண்மாய்க்கரையில் நின்று கூவுவதுபோல, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தமிழிலேயே கூவினார். "நெலம் நிக்கிற எடத்துல நிக்கட்டும்! தண்ணிக்கு முறை! சனி, ஞாயிறு, திங்கள் மலைப் பக்கம்! செவ்வாய், புதன், வியாழன் கடல் பக்கம்! வெள்ளிக்கெழம கெணத்துக்கு லீவு!" பிறகு குனிந்து மண்வெட்டியை எடுத்தார்.

கோடு இலேசாகச் சிலிர்த்தது. ஒரு முழம்கூட நகரவில்லை. நெடுநாள் நின்றுகொண்டே வேலை பார்த்தவன் உட்காருவதுபோல மண்ணுக்குள் இறங்கியது. நகர்ந்தது கிணறுதான். கல் சுற்றுச்சுவரும் பம்ப்செட்டும் தொங்கிக்கொண்டிருந்த வாளியுமாக ஏழு தப்படி நகர்ந்து, கோட்டைத் தாண்டிக் கடல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. ஹமத் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மார் அவரைக் கட்டிக்கொண்டார். மதுசூதனன் கல் நடச் சொன்னான். கிணற்றைப் பற்றித் தன் படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை என்பதால் அதை அவன் எழுதவில்லை. கார்மேகம் அறைக்குள் போய்க் கட்டிலில் விழுந்து, சாயங்காலம் வரை தூங்கினார். ஐந்து வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் அவர் தூங்கியதில்லை.

மீதி எல்லாம் சீக்கிரம் நடந்தது. ஆள் எங்கே படுக்கிறானோ அதுவே அவன் இடம் என்று ஆபீசில் சொல்லிவிட்டதால், அம்மார் கையெழுத்துப் போட, ஹமத் சாட்சி போட்டார். அட்டையில் தேதி ஒழுங்கான ஒரு தேதிக்கு இறங்கி வந்தது. விமான நிலையத்துக்கு யார் கூட்டிப்போவது என்பதில் மட்டும் சின்னத் தகராறு. கடைசியில் இரண்டு கார் போயிற்று. கல் நட்ட இடம் வரை அம்மாரின் காரில் கார்மேகமும் ஹமதின் காரில் பெட்டிகளும், அதற்கப்புறம் மாற்றி. வழிநெடுக ஹமத் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். கார்மேகத்துக்கு மார்பில் கிடந்த பாறாங்கல் ஒன்று வழியில் எங்கோ விழுந்துவிட்டது. எந்த எமிரேட்டில் விழுந்தது என்று அவர் கவனிக்கவில்லை. அவருக்குப் பதிலாகத் தோட்டத்துக்கு வந்த வங்காளதேசத்துக்காரர் முதல் நாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: வெள்ளிக்கிழமை கிணறு எந்தப் பக்கம் நிற்கும்? போன இடத்திலேயே நிற்கும் என்று நெய்னா சொல்ல, அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்கழி இரண்டாவது திங்கட்கிழமை மதுரையில் ஆப்பரேஷன் ஆனது. மறுநாள் காலை கட்டுப் பிரித்தார்கள். நர்ஸ் பஞ்சை எடுத்துவிட்டு மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொன்னாள். கார்மேகம் கட்டிலுக்கு முன்னால் நின்றார். காலையிலிருந்தே அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சட்டையைக்கூட எப்படி மாட்டினார் என்று அவருக்கே தெரியாது. நாகவள்ளி கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். பிறகு, கஞ்சி பட்ட புண் ஆறிய தழும்போடு கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள்.

கார்மேகம் அழுதுகொண்டே சிரித்தார். பையில் போன் சிணுங்கியது. ஹமத் அனுப்பிய குரல் செய்தி: கலாஸ், கார்மேகம், கிணறு வந்துவிட்டது, மாஃபி முஷ்கில், ஒரு சிக்கலும் இல்லை. நாகவள்ளி முதல் பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுக்கொண்டே, யாரது, என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

"கெணறு கடல் பக்கம் போயிருச்சாம்."

"ஆமா, இன்னிக்குச் செவ்வாய்க்கெழமதான" என்று சொல்லிவிட்டு, நாகவள்ளி இரண்டாவது பொத்தானுக்குப் போனாள்.